வெயில் இருக்கும் மணிகள்: தில்லியில் தேர்வும் ஊர் சுற்றலும்

சனி

டேட்ஷீட், அதாவது தேர்வு அட்டவணை, வந்துவிட்டது. திங்கள் காலை முதல் தாள், புதன் பிற்பகல் இரண்டாவது, அடுத்த சனி காலை மூன்றாவது, அதற்கடுத்த செவ்வாய் காலை கடைசி. வியாழன் இரவு விமானம். ஒரு செமஸ்டருக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்தும் மலேசியாவின் கிள்ளானிலிருந்தும் தில்லிப் பல்கலைக்கழக வடக்கு வளாகத்துக்கு வருகிறவர்கள் ஆகஸ்டில் “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒதுக்கிவைத்த குதுப் மினார், செங்கோட்டை, தாஜ்மகால் எல்லாம் டிசம்பரில் இந்த நாட்களுக்குள்தான் வந்து குவியும்.

திட்டம் போடும்போது முதலில் பார்க்க வேண்டியது இட வரிசையை அல்ல, வெயிலை. டிசம்பர் நடுவில் இங்கே சூரியன் ஏழு மணி தாண்டி உதித்து ஐந்தரைக்குள் இறங்கிவிடும். மூடுபனி விலகப் பத்தாகும். பதினொன்றிலிருந்து நாலரை வரைதான் உருப்படியான வெளிச்சம். விடுதி அறைகள் ஈரத்துணி மாதிரி சில்லிட்டுக் கிடக்கும். ஹீட்டருக்கு வார்டன் அனுமதி கிடையாது. அதனால் மொத்த வளாகமும் அதே நேரத்தில்தான் புல்தரையிலும் மொட்டை மாடியிலும் புத்தகத்தை விரிக்கிறது. கோட்டை பார்ப்பதும் படிப்பதும் ஒரே ஐந்தரை மணி நேரத்துக்குப் போட்டி போடுகின்றன. எனவே இடங்களை இரண்டாகப் பிரியுங்கள்: வெளிச்சம் வேண்டியவை, வேண்டாதவை. கோயில், தர்கா, கன்னாட் பிளேஸ், இந்தியா கேட் எல்லாம் இருட்டிய பிறகும் நடக்கும். அவற்றுக்கு வெயிலைச் செலவழிப்பது வீண்.

அடுத்து விடுமுறை நாள். திங்கட்கிழமை செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம் எல்லாம் மூடல். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடல். குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் வாரம் முழுக்கத் திறந்திருக்கும். இந்த மூன்று வரியை டேட்ஷீட்டின் ஓரத்தில் எழுதிவிட்டால் பாதித் திட்டம் தானாக விழுந்துவிடும்.

இன்றே முடிக்க வேண்டியது ஆக்ரா ரயில். கதிமான் எக்ஸ்பிரஸ் காலை 8.10க்கு ஹஸ்ரத் நிஜாமுதீனில் கிளம்பி 9.50க்கு ஆக்ரா கன்டோன்மென்ட் போய்ச் சேரும். திரும்ப மாலை 5.50க்கு எடுத்து 7.30க்கு நிஜாமுதீன். வெள்ளிக்கிழமை ஓடாது. தத்கலில் (கடைசி நேர முன்பதிவில்) பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது: 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தத்கலுக்கு ஆதார் (இந்திய அடையாள எண்) சரிபார்ப்பு கட்டாயம். ஒரு செமஸ்டர் மாணவரிடம் ஆதார் இருக்காது. சாதாரண முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடுவதால் இப்போதே இருக்கை குறைந்திருக்கும். கிடைக்காவிட்டால் புது தில்லி நிலையத்தின் மாடியில் இருக்கும் வெளிநாட்டுப் பயணிகள் முன்பதிவு அலுவலகத்துக்குப் பாஸ்போர்ட்டோடு நேரில் போங்கள்.

விசா கடைசித் தேதியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடைசித் தாளுக்கும் அதற்கும் இடையே ஒரு வாரமாவது இருப்பது நல்லது. தாள் தள்ளிப்போவது இங்கே அதிசயமில்லை.

ஞாயிறு

நாளை முதல் தாள். வெயில் மணி முழுவதும் புத்தகத்துக்கு. கால் நீட்ட வேண்டுமென்றால் மெட்ரோ ஏறாமல் வளாகத்தை ஒட்டிய ரிட்ஜ் காடு போதும். 1828இல் கட்டிய ஃபிளாக்ஸ்டாஃப் கோபுரம், 1857 சண்டையில் இறந்த பிரிட்டிஷ் தரப்பினருக்கு எழுப்பிய நினைவுச் சின்னம், ஃபிரோஸ் ஷா துக்ளக் மீரட்டிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த அசோகர் தூண் மூன்றும் ஒரே முகட்டில் இருக்கின்றன. ஒன்றரை மணி நேரத்தில் முடியும். கையில் தின்பண்டம் கூடாது. பிளாஸ்டிக் பை சரசரத்தாலே குரங்கு வந்துவிடும். இருட்டும் நேரத்தில் தனியாக உள்ளே போகவும் வேண்டாம்.

இரவே ஹால் டிக்கெட்டை இரண்டு பிரதி எடுத்து, கல்லூரி அடையாள அட்டை, பாஸ்போர்ட்டோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். அடையாள அட்டை தேர்வு அறைக்கு, பாஸ்போர்ட் அதன்பின் குதுப் மினார் வாசலுக்கு.

திங்கள்

காலை ஒன்பதரைத் தேர்வு அறை பத்து டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். மூச்சு புகையாக வருகிற குளிரில் முதல் அரைமணி விரல் மடங்காது, கையெழுத்து கோணும். கையுறையோடு எழுத முடியாது. விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை கமலா நகர் சந்தையில் கிடைக்கும், அதோடு எழுதலாம். உள்ளே போகுமுன் சூடான டீ கிளாஸைக் குடிப்பதைவிட இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் முக்கியம். குளிரில் ஜெல் பேனா திடீரென்று நின்றுபோகிறது. சாதா பால் பாயிண்ட் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டரைக்கு வெளியே. திங்களாதலால் செங்கோட்டை இல்லை, குதுப் மினார்தான். விஸ்வவித்யாலயா நிலையத்தில் ஏறினால் மஞ்சள் வழியிலேயே நேராக, மாறாமல், முக்கால் மணிக்குச் சற்று மேல். ஸ்மார்ட் கார்டுக்கு எப்போதும் பத்து சதவீதத் தள்ளுபடி. பகல் 12 முதல் 5 வரை நுழைந்தால் இன்னொரு பத்து. காலைத் தேர்வு எழுதுகிறவருக்கு இது தானாகவே அமைந்துவிடுகிறது. நிலையத்திலிருந்து மினாருக்கு ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆட்டோக்காரர் நூறு கேட்பார். அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 11. “பையா, மீட்டர் ஸே” (அண்ணா, மீட்டர்படி) என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடையைக் கட்டினால் மூன்றாவது ஆட்டோ சம்மதிக்கும். மெட்ரோவில் பெண்களுக்கு வண்டி போகும் திசையில் முதல் பெட்டி.

டிக்கெட்டில்தான் நம்மவர்களுக்குள் பிரிவினை. இந்தியருக்கு ஆன்லைனில் 35, கவுன்ட்டரில் 40 ரூபாய். வெளிநாட்டவருக்கு 550, 600. சார்க், பிம்ஸ்டெக் (இலங்கை உள்ளிட்ட தெற்காசிய, வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்புகள்) நாட்டவர்கள் இந்தியக் கட்டணத்தில் போகலாம். ஆக யாழ்ப்பாணத்துப் பாஸ்போர்ட் 35, கிள்ளான் பாஸ்போர்ட் 550. மலேசியரிடமோ சிங்கப்பூரரிடமோ ஓசிஐ (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான) அட்டை இருந்தால் அவருக்கும் இந்தியக் கட்டணம்தான். பலர் அந்த அட்டையை விடுதி அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு முழுக் கட்டணம் கட்டுகிறார்கள். வாசலில் அசல் பாஸ்போர்ட் கேட்பார்கள், போனில் உள்ள படம் செல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் பார்த்து “இந்தியர்” டிக்கெட் கொடுத்துவிட்டாலும் வாங்காதீர்கள். உள்வாசலில் அடையாள அட்டை கேட்டால் சிக்கல்.

கோபுரத்தின் உயரம் 72.5 மீட்டர், உள்ளே 379 படி. 1981 நெரிசலில் பலர் இறந்த பிறகு ஏற அனுமதியில்லை. எனவே அண்ணாந்து பார்த்துவிட்டு நேரத்தைக் கீழே செலவிடுங்கள். முதலில் மசூதி முற்றத்துத் தூண்கள். இடித்த கோயில்களிலிருந்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தியவை. மணியும் சங்கிலியும் செதுக்கிய தூண் ஒன்றின் மேல் வேறு கோயிலின் தூண் பொருந்தாமல் உட்கார்ந்திருப்பதை அருகில் போனால்தான் பார்க்க முடியும். மூன்று மணிக்குமேல் வெயில் சரிந்து அடிக்கும்போது செதுக்கல் நிழல் விழுந்து தெளிவாகும். தேர்வு முடிந்து வருகிற நேரம் சரியாக அதுதான். முற்றத்து இரும்புத் தூண் ஏழு மீட்டருக்கும் மேல், ஆறு டன்னுக்கும் அதிகம், குப்தர் காலத்துப் பிராமி எழுத்தோடு. துரு ஏறாததற்குக் காரணம் மந்திரமல்ல: பழைய முறையில் உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அது பரப்பில் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கிவிட்டது. அலாவுதீன் கில்ஜி இரட்டிப்பு உயரத்துக்குக் கட்டத் தொடங்கி 24.5 மீட்டரில் நின்றுபோன அலாய் மினாரைத் தாண்டாமல் வெளியே வந்துவிடுகிறவர்கள் அதிகம். நாலேமுக்காலுக்குள் திரும்ப ரயில் ஏறுங்கள். ஆறு மணிக்கு ராஜீவ் சவுக்கில் மஞ்சள் வழி வண்டியில் புத்தகப் பையோடு ஏறுவது ஐந்தாவது தாள் எழுதுவதற்குச் சமம்.

செவ்வாய்

நாளை பிற்பகல் தாள். வெயில் முழுக்கப் படிப்பு. மாலை ஆறுக்கு மேல் ஆர்.கே. புரம் மலை மந்திர் மட்டும். ஹௌஸ் காஸில் மெஜந்தா வழிக்கு மாறி வசந்த் விகாரில் இறங்கினால் பக்கம். சிறு குன்றின் மேல் சுவாமிநாத சுவாமி. கருங்கல் கோயில், 1973இல் குடமுழுக்கு. செவ்வாய் என்பதால் தில்லித் தமிழர் கூட்டம் இருக்கும், படியில் கால் வைக்க இடமிருக்காது, அர்ச்சனைச் சீட்டுக்கு வரிசை நிற்கும். காலையில் வர நினைக்காதீர்கள். நண்பகலில் நடை சாத்தினால் மாலைதான் திறக்கும். குளிரில் கருங்கல் தரை வெறுங்காலுக்குத் தாங்காது. சாக்ஸோடு ஏறுவதை யாரும் தடுப்பதில்லை.

நாக்குக்குச் சாம்பார் தேவைப்பட்டால் திரும்பும் வழியில் ஜன்பத் சரவண பவன். இரவு எட்டு மணிக்கு வெளியே பேர் எழுதிக்கொடுத்துவிட்டு அரைமணி நிற்க வேண்டியிருக்கும். குறிப்பைக் கையில் வைத்திருந்தால் அந்த அரைமணியும் வீணில்லை.

புதன்

பிற்பகல் தாள் இருக்கிற நாள் பார்வைக்கு ஆகாத நாள். காலையில் சாந்தினி சவுக் நாலே நிலையம்தானே என்று தோன்றும். கடைகள் பதினொன்றுக்குத்தான் திறக்கும், காரி பாவ்லி மசாலாச் சந்தையில் மிளகாய்த் தூசி தொண்டையைப் பிடிக்கும், பராட்டா வயிற்றைக் கெடுக்கும். ஐந்தரைக்கு வெளியே வரும்போது வானம் கருத்துவிட்டிருக்கும். அறைக்குப் போய்த் தூங்குங்கள்.

வியாழன்

அடுத்த தாளுக்கு நடுவில் வெள்ளி முழுக்க இருக்கிறது. வாரத்தில் எல்லாம் கூடிவரும் ஒரே பிற்பகல் இது. காரணம், நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி (சூஃபிப் பாட்டு) வியாழன் மாலையில்தான் களைகட்டும்; ஹுமாயூன் கல்லறை அதற்கு நடந்துபோகிற தூரம்.

காலை படித்துவிட்டு ஒரு மணிக்குக் கிளம்புங்கள். காஷ்மீரி கேட்டில் வயலெட் வழிக்கு மாறுங்கள். அந்த வழி அங்கிருந்துதான் புறப்படுகிறது. வண்டி காலியாக வரும், உட்கார இடம் நிச்சயம். ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் வரை இருபது நிமிடத்துக்கு மேல் தடையில்லாமல் படிக்கலாம். சென்ட்ரல் செக்ரடேரியட்டில் மாறினாலும் போய்ச் சேரலாம், ஆனால் நின்றுகொண்டே. நிலையத்திலிருந்து ஆட்டோவில் இரண்டு கிலோமீட்டர்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் நேராகப் பெரிய மாடத்தைப் பார்த்து நடப்பார்கள். வலப்பக்கம் திரும்பி முதலில் ஈசா கான் கல்லறையைப் பாருங்கள்: எட்டுப் பக்கக் கட்டடம், 1547இல் கட்டியது, ஹுமாயூனுடையதைவிட இருபது வருடம் மூத்தது. அதைப் பார்த்தபின் பெரியதைப் பார்த்தால் தில்லிக் கட்டடக் கலை எங்கிருந்து எங்கே தாவியது என்று விளக்கமில்லாமலே தெரியும். ஹுமாயூனின் மனைவி பேகா பேகம் கட்டுவித்தது. நான்கு பாகமாக வகுத்த பாரசீகத் தோட்டத்தின் நடுவே கல்லறையை வைக்கும் இந்த அமைப்புதான் தாஜ்மகாலுக்கு முன்மாதிரி. 1857இல் கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜஃபர் இங்கேதான் பிடிபட்டார். 2024இல் திறந்த அருங்காட்சியகம் நிலத்துக்கடியில் இருக்கிறது, தனி டிக்கெட். அதை வெளிச்சம் போன பிறகு பார்க்கலாமென்று தள்ளாதீர்கள், முன்னதாகவே விசாரித்துவிடுங்கள்.

ஐந்து மணிக்கு மதுரா ரோட்டைக் கடந்து தர்கா இருக்கும் நிஜாமுதீன் பஸ்தி சந்துக்குள். தலையை மூடத் துணி வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும். சந்தில் நுழைந்ததுமே பூக்கடைக்காரர்கள் “செருப்பை இங்கேயே விடுங்கள்” என்று கூப்பிடுவார்கள். விட்டால் பூத்தட்டு வாங்க வேண்டிவரும். தர்கா வாசல்வரை போட்டுக்கொண்டே போகலாம். பாஸ்போர்ட் உறை சட்டைக்குள் இருக்கட்டும், நெரிசலில் பின்பையை யாரும் காப்பாற்ற மாட்டார்கள். சமாதி அறைக்குள் பெண்களுக்கு அனுமதியில்லை. மாலைத் தொழுகை முடிந்தபின் முற்றத்தில் கவ்வாலி தொடங்கும். அதே வளாகத்தில்தான் கவிஞர் அமீர் குஸ்ரோவின் சமாதியும். ஏழரைக்கு எழுந்துவிடுங்கள், எழுந்துவர மனம் வராது, ஆனால் சனிக்கிழமை தாள் இருக்கிறது.

வெள்ளி

படிப்பு மட்டும். சமீர் செயலியில் காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டியிருந்தால் புல்தரையில் படிப்பதையும் விட்டுவிட்டு நூலகத்துக்குள் போங்கள். 401லிருந்து ‘கடுமை’ என்று வகைப்படுத்துகிறார்கள். துணி முகமூடி இதற்குப் பயனில்லை, என்95 வேண்டும்.

நோ ட்யூஸ் (பாக்கி ஏதுமில்லை என்ற) படிவத்தை இன்றே வாங்கி நூலகக் கையெழுத்தைப் போட்டுவிடுங்கள். காரணம் பின்னால்.

சனி

பன்னிரண்டரைக்கு முடிந்ததும் காஷ்மீரி கேட், வயலெட் வழி, அடுத்த நிலையமே லால் கிலா. சாந்தினி சவுக் நிலையத்தில் இறங்கி நடப்பதைவிட இதுதான் நேர் வழி. கோட்டையின் டிக்கெட் கவுன்ட்டர் மாலையில் சீக்கிரம் மூடிவிடும். எனவே கோட்டை முதலில், கடைத்தெரு பிறகு.

ஷாஜகான் 1639இல் தொடங்கி 1648இல் முடித்த கோட்டை. லாகூரி வாசலில் நுழைந்து, திவானி ஆம், திவானி காஸ் அரச மண்டபங்கள் என்று பளிங்கு பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். தென்கிழக்காசியத் தமிழர் ஒருவர் கூட இருந்தால் அப்படித் திரும்பக்கூடாது. பிரிட்டிஷார் கட்டிய படை முகாம் கட்டடங்களில் ஒன்றில் 2019இல் திறந்த நேதாஜி, இந்திய தேசிய ராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த ராணுவத்தின் அதிகாரிகள் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர்மீதும் ராணுவ நீதிமன்ற வழக்கு 1945 நவம்பரில் இதே கோட்டையில்தான் நடந்தது. அந்தப் படையில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். சென்னையில் படித்த டாக்டர் லட்சுமி தலைமையேற்ற ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். கிள்ளான், ஈப்போ பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குக் கொள்ளுத் தாத்தா காலத்துக் கதை இது. பளிங்குக்கு முப்பது நிமிடம், இதற்கு ஒரு மணி என்று ஒதுக்குவதே நியாயம்.

வெளியே வந்தால் சாந்தினி சவுக்கின் முக்கியத் தெருவில் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டிக்குத் தடை. சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறுமுன் தொகை பேசிவிடுங்கள். நயி சடக்கில் பழைய பாடநூலை விற்கலாம். அட்டை கிழியாமல், புதுப் பதிப்பாக இருந்தால்தான் பேரம் நடக்கும். பழைய பதிப்பை எடைக்குத்தான் கேட்பார்கள். நாளை ஞாயிறு, பாதிக் கடைகள் இருக்காது.

ஞாயிறு, திங்கள்

செவ்வாய்க்கான படிப்பு. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் மட்டும் டெல்லி கேட் நிலையம் அருகே மகிளா ஹாட்டில் பழைய புத்தகச் சந்தை. தரியாகஞ்ச் நடைபாதையிலிருந்து 2019இல் இங்கே மாற்றினார்கள். வாங்கப் போகாதீர்கள், பெட்டி எடை தாங்காது. திங்களன்று பெரும்பாலான இடங்கள் மூடல் என்பதால் படிப்பதற்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

செவ்வாய்

கடைசித் தாள் முடிந்து நேராகத் தேசிய அருங்காட்சியகம். சென்ட்ரல் செக்ரடேரியட்டில் இறங்கி நடக்கலாம். மொகஞ்சதாரோ நடனப் பெண் சிலை பத்தரை சென்டிமீட்டர்தான். பாடப்புத்தகப் படத்தை மனத்தில் வைத்துத் தேடினால் கண்ணாடிப் பெட்டியைத் தாண்டிப் போய்விடுவீர்கள். வெண்கலக் கூடத்தில் சோழர் நடராசர் இருக்கிறார். பெரிய பையை வாசலில் வைத்துவிட வேண்டும்.

புதன்

டிசம்பரில் தாஜ்மகாலுக்கு விடியற்காலையில் போ என்று சொல்வதை நம்பாதீர்கள். பனியில் மாடத்தின் பாதிதான் தெரியும். கதிமானில் பத்து மணிக்கு இறங்கி, ஆறு கிலோமீட்டர் கடந்து வாசலுக்கு வரும்போது பனி விலகத் தொடங்கியிருக்கும். அந்த வண்டியே டிசம்பருக்கு ஏற்றது. பனியால் ரயில் தாமதமாகலாம், ஆகவே கடைசித் தாளுக்கு முன்னால் ஆக்ராவை வைக்கவே கூடாது.

இங்கே கட்டணம் வேறு கணக்கு: இந்தியர் 50, சார்க், பிம்ஸ்டெக் நாட்டவர் 540, மற்ற வெளிநாட்டவர் 1,100. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு 50 என்று எண்ணி வருகிறவர்கள் வாசலில் தகராறு செய்கிறார்கள், பயனில்லை. உள்ளே சமாதி மாடத்துக்கு எல்லோருக்கும் கூடுதலாக 200. டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். தின்பண்டம், ட்ரைபாட் அனுமதியில்லை. பெரிய பையும் புத்தகமும் இருந்தால் சோதனையில் நேரம் போகும். படிப்பு முடிந்துவிட்டது, புத்தகத்தை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். மீதி நேரத்துக்கு ஆக்ரா கோட்டை போதும். ஃபதேபூர் சிக்ரி ஆசையை விடுங்கள், மாலை ரயில் தவறும். இரவு தங்கவும் நினைக்காதீர்கள்: வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பதால் சின்ன விடுதிகள் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அறை இல்லை என்றுவிடும்.

வியாழன்

நோ ட்யூஸ் படிவத்தில் நூலகம், விடுதி, மெஸ், துறை அலுவலகம் என்று கையெழுத்துகள். ஒரே நாளில் சுற்றி வாங்க முடியும் என்று நம்பினால் ஒருவர் விடுப்பில் இருப்பார், இன்னொருவர் சாப்பிடப் போயிருப்பார். வெள்ளியன்றே தொடங்கச் சொன்னது இதற்காக. காப்புத் தொகை இந்திய வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அதுவும் சில மாதம் கழித்து. எனவே கணக்கை மூடாமல் வைத்து, அதோடு இணைத்த இந்திய எண்ணுக்கு ரோமிங் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியலும் பிறகுதான் வரும். வளாகத்தில் இருக்கும் தமிழ்ப் பிள்ளை ஒருவர் பேரில் அதிகாரக் கடிதம் எழுதி, கையெழுத்திட்ட பாஸ்போர்ட் நகலோடு அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வையுங்கள்.

மாலை புது தில்லி நிலையத்திலிருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ், மூன்றாவது முனையத்துக்கு இருபது நிமிடம் அளவில். மஞ்சள் வழியிலிருந்து மாறும்போது பெட்டியோடு நீண்ட நடை. அதற்குக் கால்மணி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்திலிருந்து எட்டு மணி நெரிசலில் இரண்டு பெட்டியோடு மஞ்சள் வழி வேண்டாம். நாலு மணிக்கே கிளம்பிவிடலாம், இல்லையென்றால் டாக்ஸி.